மீன் தொட்டித் தண்ணீரும் பசளை மூட்டையும்

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வழமையாக எனது கடைக்கு வருபவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் கவுண்டரில் சாய்ந்து நின்றபடி, "நானா, மீன் தொட்டித் தண்ணிய ஊத்துனா உரமே வாங்கத் தேவையில்லையாமே, நெசமா?" என்று கேட்டார். பசளை விற்பவனிடமே இதைக் கேட்கிறாரே என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாதி நெசம்" என்றேன். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

அவரிடம் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஊவாவில் இன்று அநேகர். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கடை வைத்திருக்கும் எம்மவர்களும் அநேகர். தவறான பதிலைச் சொல்லி இரண்டு தொட்டியையும் ஒரு மோட்டாரையும் விற்றுவிடலாம். ஆனால் மறுபடி அந்த வாடிக்கையாளர் எமது கடை வாசலை மிதிக்க மாட்டார்.

இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும் உலகச் சந்தை விலையும் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்து யூரியாவைச் சாதாரண விவசாயியின் கைக்கு எட்டாததாக்கின. வெலிமடையில் கிழங்கு போடுபவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதை நேரில் பார்த்தவன் நான். எனது கடையின் பின்னறை வெறுமையாகக் கிடந்தது. அந்த நாட்களில்தான் சாணிக் கரைசல், மீன் கழிவும் சர்க்கரையும் ஊறவைத்த திரவம், மீன் தொட்டித் தண்ணீர் எல்லாம் பேச்சுக்கு வந்தன. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. மீன் கழிவை ஊறவைத்து எடுக்கும் திரவமும் மீன் நீந்தும் தண்ணீரும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு ஹாலிஎலப் பக்கம் கொஞ்சம் காணி உண்டு. அதன் மேற்புறத்தில் 20 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. திலாப்பியா விட்டிருக்கிறேன். கீழே போஞ்சி, கோவா, கறிமிளகாய், ஓரத்தில் வாழை. ஆகவே கேள்விப்பட்டதை அல்ல, செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விடயம் என்னவென்று பார்ப்போம். மீன் தின்னும் தீனியில் உள்ள புரதத்தின் ஒரு பகுதிதான் அதன் உடம்பில் சதையாகிறது. மீதியில் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது; கொஞ்சம் எச்சமாக அடியில் படிகிறது. தண்ணீரிலும் தொட்டிச் சுவரிலும் வாழும் நுண்ணுயிர்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைப் பயிர் விரும்பி எடுத்துக்கொள்ளும். யூரியா மண்ணில் விழுந்த பிறகு போய்ச் சேருவதும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான். ஆகவே மீன் தண்ணீரில் பசளை இருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி. அதை ஒருவரும் கேட்பதில்லை.

எனது தொட்டி நிறைந்தால் சுமார் 17,000 லீற்றர் கொள்ளும். லீற்றருக்கு 5 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொட்டியிலும் 85 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். அப்படியானால் தொட்டி முழுவதையும் திறந்துவிட்டாலும் தோட்டத்துக்குப் போவது 185 கிராம் யூரியாவுக்குச் சமமானது. ஏறக்குறைய ஒரு சுண்டு. மீனை நெருக்கமாக வளர்ப்பவரின் தொட்டியில் இது பல மடங்காக இருக்கலாம். இருந்தாலும் மூட்டைக் கணக்குக்கு வராது.

வேறு பக்கத்தால் கணக்குப் பார்ப்போம். 30 வீதம் புரதமுள்ள தீனி 100 கிலோ போட்டால் அதில் 30 கிலோ புரதம். புரதத்தில் 16 வீதம் நைதரசன், ஆக 4.8 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு வரை மீன் எடுத்துக்கொண்டால் மீதி 3 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு துளியும் வீணாகாமல் முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்ந்தால் சுமார் 7 கிலோ யூரியா. உண்மையில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். இப்போது 100 கிலோ மீன் தீனியின் விலையையும் 7 கிலோ யூரியாவின் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தண்ணீரில் உள்ள பசளை சும்மா வந்ததல்ல. நாம் காசு கொடுத்து வாங்கிய தீனி மூட்டையிலிருந்துதான் வந்தது. பசளைக்காக மீன் வளர்ப்பவர், பசளைக் காசைத் தீனிக் காசாக மாற்றிக் கூடுதலாகக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த வேலையே வீண் என்று சொல்கிறேனா? இல்லை. கணக்கை வேறொரு பத்தியில் எழுத வேண்டும் என்கிறேன்.

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை பதுளையில் அடிக்கும் வரண்ட கச்சான் காற்று தேயிலைக்கு நல்லது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் அந்த மாதங்களில்தான் ஏறுகிறது. மரக்கறிக்கு அதுவே கஷ்ட காலம். அந்த நாட்களில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். எனது தொட்டிக்கு ஊற்றிலிருந்து ஒரு குழாய் வருகிறது. மீனுக்காக நாளொன்றுக்குத் தொட்டியின் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1,700 லீற்றரை மாற்றுகிறேன். முன்பு அது கானில் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதே தண்ணீர் சுமார் 13 பேர்ச்சஸ் மரக்கறியை நனைக்கிறது. வரட்சியில் பக்கத்துக் காணிகளில் போஞ்சி கருகியபோது எனது பாத்தி பச்சையாக நின்றதற்குக் காரணம் நைதரசன் அல்ல, தண்ணீர். பசளை அதோடு வந்த இனாம்.

ஆகவே வரவுப் பத்தியில் முதலில் மீன், அடுத்து இரண்டு முறை உழைத்த தண்ணீர், கடைசியில்தான் பசளை. இந்த ஒழுங்கை மாற்றி எழுதியவர்கள்தான் நட்டப்பட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், உறவுக்காரப் பிள்ளை, படித்தவர். மண்ணில்லாமல் மீன் தண்ணீரிலேயே கீரையும் சலாது இலையும் வளர்க்கும் முறையைப் படித்துவிட்டு முச்சக்கர வண்டியை விற்றுத் தொட்டி, மோட்டார், காற்றுப் பம்பி, குழாய் எல்லாம் பூட்டினார். குழாயில் ஒரு பகுதி எனது கடையில்தான் வாங்கினார். அந்த இலாபத்தை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. முறையில் பிழை இல்லை. வெளிநாடுகளில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமற் போனது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றுப் பம்பி நின்றால் மீன் தாங்காது. ஒரே இரவில் போய்விட்டது. திரும்பத் தொடங்கினார். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறின. அதோடு கைவிட்டுவிட்டார்.

எமது மாவட்டத்தில் இறைவன் தந்த ஒரு மூலதனத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதுதான் சரிவு. பதுளையிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் சமதரைக் காணி கிடைப்பதுதான் கஷ்டம். தொட்டியை மேலேயும் பாத்தியைக் கீழேயும் வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும். 10 அடி இறக்கம் இருந்தாலே ஒரு ஹோஸ் குழாய்க்குப் போதும். மோட்டார் இல்லை, பில் இல்லை, மின்வெட்டுப் பயம் இல்லை. மீனையும் நெருக்கிப் போடாமல் அளவாக விட்டால் காற்றுப் பம்பியும் தேவைப்படாது. மோட்டார் போட்டால்தான் நடக்கும் என்ற நிலை உள்ள இடத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதே எனது கருத்து. மோட்டார் விற்பவனாகவே இதைச் சொல்கிறேன்.

தண்ணீரைத் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து எடுக்கக் கூடாது, அடியிலிருந்து எடுக்க வேண்டும். எச்சமும் மிஞ்சிய தீனியும் அங்கேதான் கிடக்கின்றன. பொஸ்பரசின் பெரும்பகுதியும் அந்தச் சேற்றில்தான். தொட்டி கட்டும்போதே அடியில் ஒரு வாய் வைத்துவிட்டால் நல்லது. இந்தச் சேறு சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே ஹோஸ் அல்லது சாதாரண வாய்க்கால் போதும். ஆண்டுக்கொரு தடவை தொட்டியைக் கழுவும்போது வரும் சேற்றைக் கூட்டெருவோடு கலந்து வைக்கலாம். சீனாவின் முத்து ஆற்றுப் பகுதியில் குளத்துச் சேற்றை அள்ளி வரம்பில் நிற்கும் முசுக்கட்டைச் செடிகளுக்குப் போட்டு, அந்த இலையில் பட்டுப்புழு வளர்த்து, புழுவின் கழிவை மீண்டும் மீனுக்குப் போடும் முறை நூற்றாண்டுக் கணக்கில் நடந்து வந்திருக்கிறது. அவர்களும் தண்ணீரை விடச் சேற்றைத்தான் பெரிதாக மதித்தார்கள்.

எந்தப் பயிருக்கு நல்லது? இலைக்காக வளர்ப்பவைக்கு நல்லது: கோவா, லீக்ஸ், கீரை வகைகள். வாழையும் மாட்டுப் புல்லும் எவ்வளவு விட்டாலும் குடிக்கும். தக்காளி, கறிமிளகாய் போன்று காய்க்க வேண்டியவற்றுக்கு இது மட்டும் போதாது. மீன் தீனியில் பொட்டாசியம் குறைவு, ஆகவே தண்ணீரிலும் குறைவு. செடி தளதளவென்று வளரும், காய் பிடிக்காது. லயங்களில் விறகடுப்புச் சாம்பல் தாராளமாக இருக்கிறது, அதில் பொட்டாசியம் உண்டு. செடியடியில் அளவாகத் தூவலாம். தொட்டிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். சாம்பல் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். காரம் ஏறினால் அமோனியா மீனுக்கு நஞ்சாகிவிடும்.

இனி நான் செய்த மடைத்தனம். ஒருமுறை மீனுக்கு மேலில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. யாரோ சொன்னபடி 1,000 லீற்றருக்கு 3 கிலோ என்ற கணக்கில் கல்லுப்புப் போட்டேன். மீன் தேறியது. அந்தச் சந்தோசத்தில் உப்பை மறந்து வழமை போல் போஞ்சிப் பாத்திக்குத் திறந்துவிட்டேன். பத்து நாளில் இலையோரம் எல்லாம் நெருப்புப் பட்டது போல் கருகியது. மரக்கறிகளில் உப்புக்கு மிகவும் பயந்தது போஞ்சி என்பதை அதன்பிறகுதான் படித்தேன். ஒரு போகம் போய்விட்டது. பாத்தியை ஊற்றுத் தண்ணீரால் பல நாள் கழுவ வேண்டியிருந்தது. உப்பு என்றில்லை, மீனுக்கு என்ன மருந்து போட்டாலும் அந்தத் தண்ணீர் சாப்பிடும் பயிருக்குப் போகக் கூடாது. குறிப்பாக அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பச்சைச் சாயம், நீலச் சாயம், போர்மலின் எல்லாம் பாவிக்கிறார்கள். மலகைற் பச்சை என்ற அந்தச் சாயம் உணவு மீனுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்ட ஒன்று.

பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்கு மேலால் தெளிப்பதும் நல்லதல்ல. பறவை எச்சம், எலி, தவளை எல்லாம் தொட்டிக்கு வரும். வேரடியில் விட வேண்டும். அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு நிறுத்திவிட்டு நல்ல தண்ணீருக்கு மாற வேண்டும். கோழிக் கூட்டை மீன் தொட்டிக்கு மேல் கட்டி எச்சம் நேராக விழ வைக்கும் முறையை எமது ஆட்களும் சிலர் செய்கிறார்கள். அந்தத் தண்ணீரை மரக்கறிக்கு விடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கோழிக்கடைக் கழிவைத் தீனியாகப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மீனுக்கு என்ன போட்டீர்கள் என்று எமது வாடிக்கையாளர் கேட்பார். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

தோட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு 1,700 லீற்றரும் 13 பேர்ச்சஸும் கதையில்தான். லயத்தோடு ஒட்டிய துண்டுக் காணி அவர்களுடையதல்ல. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ள நிலம் அது. புதிய வீட்டுத் திட்டங்களில் உறுதியோடு கிடைத்தவர்களில் பலருக்கும் வீடு உட்பட 7 பேர்ச்சஸ். தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் சீமெந்துத் தொட்டி கட்டச் சொல்லி அவருக்குச் சாமான் விற்பது நியாயமா என்று எம்மவர்கள் யோசிக்க வேண்டும். தடித்த பொலித்தீன் விரித்த சிறு குழி போதும். தேவைப்பட்டால் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். மேலே தேயிலை மலையில் களைநாசினி அடிக்கும்போது கழுவி வரும் கான் தண்ணீரை அதற்குள் விடக் கூடாது. பீலித் தண்ணீராக இருந்தால் நல்லது.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் மேல் லயத்தின் கான்தான் கீழ் லயத்தின் ஓடை. மேலே ஒருவர் மீன் தொட்டியைக் கழுவி விட்டால் கீழே ஒரு பிள்ளை அதைக் குடத்தில் அள்ளக்கூடும். அந்தத் தண்ணீரைப் பாத்தியில் நிறுத்துவது விவசாயம் மட்டுமல்ல, அயலவர் உரிமை.

தண்ணீர் இனிமேலும் சும்மா கிடைக்கும் என்று நினைப்பவர்கள் பண்டாரவளைக்குப் போய்க் கேட்கலாம். 2014 இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நீர் கசியத் தொடங்கிய பின் அந்தப் பகுதியில் எத்தனையோ கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. தலைமுறைகளாக வற்றாத கிணறு ஒரு மாதத்தில் வற்றும் என்பதை அங்குள்ளவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு குடம் தண்ணீரை ஒரு தடவை மட்டும் பாவித்துவிட்டுக் கானில் ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

எகிப்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 1983 ஆம் ஆண்டின் 124 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே மீன் பண்ணைகள் நைல் நதியின் நல்ல தண்ணீரை எடுக்க முடியாதிருந்தது. வயல்களிலிருந்து வடிந்து வரும் கழிவு நீரைத்தான் எடுக்கலாம் என்றிருந்தது. பயிருக்கு முதலிடம் என்ற எண்ணம்தான். ஆனால் பயிருக்குப் போன தண்ணீர் மருந்தோடும் உப்போடும் மீனுக்கு வந்தது. மீனுக்குப் போன தண்ணீரோ பசளையோடு பயிருக்குப் போயிருக்கும். முதலில் மீன், பிறகு பயிர் என்று வைத்திருந்தால் இரண்டு பக்கமும் இலாபம் என்று அந்த நாட்டு வல்லுநர்களே பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். எமது பழைய பள்ளிவாசல் ஹவுள்களில் நுளம்புக் குடம்பியைத் தின்பதற்காக மீன் விட்டிருப்பார்கள். ஹவுளை இறைக்கும் நாளில் தண்ணீர் வளவிலிருந்த தென்னைக்குப் போகும். சட்டம் எழுதத் தெரியாதவர்களுக்கு ஒழுங்கு தெரிந்திருந்தது. இப்போது ஹவுளும் குறைந்து எங்கும் குழாய் வந்துவிட்டது.

வரவில் முதலாவது மீன் என்றேன். அதை விற்பதுதான் உண்மையான சோதனை. ஊவாவுக்குக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஐஸ் போட்ட கடல் மீன் லொறியில் வருகிறது. எமது ஆட்களின் நாக்கு அதற்குப் பழகியது. குளத்து மீனில் சேற்று மணம் என்று ஒதுக்குகிறார்கள். அது சேறல்ல, தண்ணீரில் உள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளின் மணம். விற்பதற்குச் சில நாட்கள் முன்பு தீனியை நிறுத்தி, ஓடும் நல்ல தண்ணீரில் மீனை விட்டு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். நான் இப்போது உயிரோடேயே விற்கிறேன்; அதற்கு ஆள் வருகிறது. உயரமும் முக்கியம். பதுளையின் சூட்டில் வளரும் திலாப்பியா வெலிமடைக் குளிரில் தீனி எடுக்காமல் சுருங்கி நிற்கும். அங்கே கெண்டை இனம் பொருத்தம்.

அரசாங்கத்தின் மனமும் இந்தத் தொழிலில் மாறி மாறி வந்திருக்கிறது. 1990 இல் நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு 1994 இல்தான் திரும்பக் கிடைத்தது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. குஞ்சு வாங்கவும் வியாபார அளவில் செய்வதற்கான உரிமம் பற்றிக் கேட்கவும் அங்கேதான் போக வேண்டும். எமது ஊர் வாசலிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் நீர்வளத் தொழில்நுட்பம் பட்டப் படிப்பாகவே இருக்கிறது. பசறை வீதியால் நாளாந்தம் போய் வரும் எமது வியாபாரிகளில் எத்தனை பேர் அங்கே ஏறி ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்? நானும் பல வருடம் கேட்கவில்லை.

உடனடியாகப் பயன் பெறக்கூடியவர்கள் ஏற்கனவே மீன் வைத்திருப்பவர்கள்தான். நகரத்தில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கிழமைக்கொரு தடவை எத்தனை வாளித் தண்ணீரைக் கானில் ஊற்றுகிறார்கள்! மருந்து போடாத தொட்டிகளின் தண்ணீரை ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்தால் கடைக்குப் பின்னாலுள்ள பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும் போதும். பீப்பாயை மூடி வையுங்கள், டெங்கு நுளம்பு வந்துவிடும். இதற்கு ஒரு சதம் முதல் தேவையில்லை.

பசறைக்காரர் போன கிழமை மறுபடி வந்தார். நேரம் இருந்தது. மேலே எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், கணக்கைப் பழைய பில் துண்டொன்றின் பின்புறத்தில் போட்டும் காட்டினேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மோட்டார் விலை கேட்க வந்தவர் பொலித்தீன் 6 மீற்றரும் ஹோஸ் 40 அடியும் வாங்கினார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "யூரியாவும் ஒரு அஞ்சு கிலோ நிறுங்க நானா" என்றார். நிறுத்துக் கொடுத்தேன்.